பெற்றோர் பக்கம்: நட்சத்திரம் படித்தால் சோறு கிடைக்குமா?



படிப்பு என்றதும் நம் தோட்டத்துப் பெற்றோர் மனத்தில் தோன்றுகிற உத்தியோகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டாக்டர், வக்கீல், இஞ்சினியர், ஆசிரியர், கணக்காளர், ஆபீஸ் கிராணி. இந்த ஆறுக்குள் பிள்ளை அடங்கிவிட்டால் பெற்றவர்களுக்கு நிம்மதி. ஏழாவதாக ஒன்றைப் பிள்ளை சொல்லிவிட்டால் வீட்டில் தூக்கம் போய்விடும்.

அப்படித் தூக்கம் போன தகப்பனார் ஒருவரின் கடிதம் இந்த முறை வந்திருக்கிறது. ஜொகூர் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் 30 ஆண்டு உழைத்து ஓய்ந்தவர். மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துத் தேறிவிட்டாள். குடும்பத்துக்கே முதல் பட்டதாரி. சிங்கப்பூரில் ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. அவளோ, "வேலை இருக்கட்டும் அப்பா, நான் வானியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்கிறாளாம்.

"இன்னும் ஐந்து வருசம் நட்சத்திரத்தை எண்ணிக்கொண்டிருந்தால் என்ன ஐயா கிடைக்கும்? கீழே இரண்டு தம்பிகள் படிக்கிறார்கள். வீட்டுக் கடன் பாக்கி நிற்கிறது. தடுத்தால் பாவம் என்று தோன்றுகிறது, விட்டால் பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

நியாயமான பயம். இதற்குப் பாதிப் பொய்யான ஆறுதல் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. வானியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதை நமக்குத் தெரிந்த ஊர்களையும் மனிதர்களையும் வைத்தே பார்த்துவிடுவோம்.

சோதிடம் வேறு, வானியல் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தேக்காவுக்குத் தீபாவளிச் சாமான் வாங்க வந்தவர்களில் பலருக்குச் சிராங்கூன் சாலையில் கிளி சோதிடம் பார்த்த நினைவு இருக்கும். அந்தப் பெண் படிக்க நினைப்பது அதுவன்று. நட்சத்திரம் எதனால் எரிகிறது, எத்தனை காலம் எரியும், அணைந்தபின் என்ன ஆகும் என்று கணக்காலும் கருவியாலும் கண்டறிவது வானியல். அதைப் படிக்கிறவர்கள் இராத்திரி முழுதும் குழாயில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். இன்றைக்குத் தொலைநோக்கியின் கண் இருக்கும் இடத்தில் மின்னணுக் கருவி இருக்கிறது. ஆராய்ச்சி மாணவர் பெரும்பாலான நேரம் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தக் கருவி கொட்டிய கோடிக்கணக்கான எண்களைச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருப்பார். இந்தச் சல்லடை வேலையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சோறு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதுதான் பாதி விடை.

முற்காலத்தில் இந்தத் தொழிலுக்கு வேலை தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நேரம் சொல்லுவதே வானியல்காரரின் வேலையாக இருந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி நட்சத்திரக் கூடம் கட்டியது. கப்பல் ஓட்டுவதற்கும் நிலம் அளப்பதற்கும் சரியான நேரமும் சரியான இருப்பிடமும் வேண்டியிருந்தன. பிற்காலத்தில் இந்திய ரயில்களே சென்னை நேரத்தைப் பார்த்து ஓடின. நம் சிங்கப்பூரிலும் கேனிங் கோட்டைக் குன்றின்மேல் 1903இல் ஒரு கம்பம் நட்டு, அதில் பெரிய உருண்டை ஒன்றை ஏற்றி, பகல் 1 மணிக்குச் சரியாகக் கீழே விழ விட்டார்கள். துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் அதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டன. அதன் மாதிரி ஒன்று இன்றும் அந்தக் குன்றில் நிற்கிறது.

அந்தச் சென்னைக் கூடத்தில்தான் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வேலை பார்த்தார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் உதவியாளாகச் சேர்ந்து முதல் உதவியாளர் வரை உயர்ந்தார். ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டுபிடித்தார். லண்டன் அரச வானியல் சங்கத்தில் 1872இல் உறுப்பினராகச் சேர்க்கப்பட்ட முதல் இந்தியர் அவர். 1874இல் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடந்தபோது, சாதாரண மக்களுக்கு விளங்கும்படி இந்திய மொழிகள் சிலவற்றில் சிறு நூல் எழுதி வெளியிட்டார். கண்ணால் கண்ட வானத்தோடு ஒத்துப்போகும்படி பஞ்சாங்கத்தையும் திருத்திக் கணித்தார். பட்டம் எதுவும் இல்லாமலே அந்தத் தொழிலால் குடும்பம் நடத்தினார்.

இன்று நேரம் சொல்ல அணுக் கடிகாரம் வந்துவிட்டது. சிங்கப்பூர்க் கடிகாரமோ சூரியனைக் கேட்பதே இல்லை. மலேசியாவோடு ஒத்துப்போக 1982 ஜனவரி 1ஆம் தேதி அரை மணி முன்னால் தள்ளியதிலிருந்து, உச்சிப்பொழுது பகல் 1 மணியை ஒட்டித்தான் வருகிறது. ஆகவே வானியல்காரர் வேறு சோறு தேட வேண்டியதாயிற்று.

நாற்காலிக் கணக்கு

இப்போது கசப்பான கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பேராசிரியர் 30 ஆண்டு வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு மாணவரைத் தயார் செய்தாலும், ஓய்வு பெறும்போது 10 பேரை டாக்டர் ஆக்கியிருப்பார். காலியாவது அவருடைய நாற்காலி ஒன்றுதான். புதிய பல்கலைக்கழகங்கள் எழும்பினால் கூடுதலாக ஒன்றிரண்டு நாற்காலி சேரும். மற்றவர்கள் வேறு வழி பார்த்தே தீர வேண்டும். இது யாருடைய சதியுமில்லை, வெறும் கூட்டல் கழித்தல்.

நம் தமிழ்ப் பெயர்களிலேயே பெரிய பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் லாகூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். 1930இல் அரசாங்க உதவிப் பணத்தில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது வயது 19. கப்பலில் போட்ட கணக்கில், அணைந்த நட்சத்திரம் சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் எடை இருந்தால் தன் பாரத்தைத் தானே தாங்காது என்ற முடிவை நோக்கிப் போனார். 1933இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம். 1935இல் லண்டன் சபையில் அதை எடுத்துச் சொன்னபோது எடிங்டன் என்ற பெரியவர் எழுந்து பரிகாசம் செய்தார். 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனவர், 1995இல் கண்மூடும்வரை அங்கேயே இருந்தார். அந்தப் பழைய வேலையையும் சேர்த்துப் போற்றி நோபல் பரிசு வந்தது 1983இல். அப்போது அவருக்கு வயது 73 நடந்துகொண்டிருந்தது.

சந்திரசேகர் தம் வாழ்நாளில் ஏறக்குறைய 50 பேரை டாக்டர் பட்டத்துக்கு வழிநடத்தினார். அவர் உட்கார்ந்த நாற்காலியோ ஒன்று. நோபல் பரிசு பெற்றவரிடம் படித்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

பட்டம் வாங்கியதும் நிரந்தர வேலை வந்து கதவைத் தட்டாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். "போஸ்ட் டாக்" என்று சொல்லும் தற்காலிக ஆராய்ச்சி வேலை முதலில் கிடைக்கும். இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஒப்பந்தம். அது முடிந்தால் இன்னொரு நாட்டில் இன்னொன்று. ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வாழ்க்கை 35 வயதுவரைகூட நீளும். கல்யாணம், பிள்ளைப்பேறு, வயதான தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அந்த வயதில்தான் வருகின்றன. ஆண்பிள்ளைக்கும் இது கஷ்டம். பெண்பிள்ளைக்கு ஊர் வாயையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது. இதை மறைத்துவிட்டு "படிக்க விடுங்கள்" என்று எழுதுவது நியாயமாகாது.

அவர்கள் எங்கே போகிறார்கள்?

நாற்காலி கிடைக்காதவர்கள் தெருவில் நிற்கிறார்களா என்றால், இல்லை. நான்கு வழிகளில் பிரிந்து போகிறார்கள்.

முதல் வழி, ஆராய்ச்சிக் கூடம். தமிழ்நாட்டு மலைகளில் மூன்று இடங்களைச் சொல்லலாம். கொடைக்கானலில் 1899 முதல் சூரியனைக் கவனிக்கும் கூடம் இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. சென்னையில் பிறந்து, ஹார்வர்டில் 1952இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய வைணு பாப்பு அதை அமைத்தார். அவர் 1982இல் காலமானார். 1986இல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மூன்றாவது இடம் ஊட்டிக்கு அருகில் முத்தோரை. நீலகிரித் தேயிலைத் தோட்டத்து வாசகர்கள் பார்த்திருக்கக் கூடும். மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்கு இரும்புச் சட்டங்களும் கம்பிகளும் நிற்கும். 1970இல் கோவிந்த் ஸ்வரூப் என்பவர் தலைமையில் முடிந்த ரேடியோ தொலைநோக்கி அது. அந்தச் சரிவு ஏறக்குறைய 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் அவ்வளவே. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே திசையில் திருப்பினாலே விண்மீனை மணிக்கணக்காகத் தொடர முடிகிறது. மலைச்சரிவு தேயிலை நடவும் உதவும், வானத்தை அளக்கவும் உதவும்!

இத்தகைய கூடங்களுக்கு ஆள் தயாராகும் வழிகளில் ஒன்று, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1982இல் தொடங்கிய கூட்டு வானியல் திட்டம். முதலில் வகுப்புப் பாடம், பிறகு சேர்ந்துள்ள நிறுவனங்களில் ஆராய்ச்சி. கடல் கடந்து போய் நிலைத்தவர்களும் உண்டு. கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, இப்போது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர். பிரபஞ்சத்தின் இளம்பருவத்தில் பெரிய கருந்துளைகள் எப்படிப் பிறந்திருக்கும் என்று அவரும் உடன் உழைத்தவர்களும் முன்கூட்டிக் கணித்திருந்தார்கள். 2023இல் அந்தக் கணிப்புக்குப் பொருந்துகிற ஒரு கருந்துளை அகப்பட்டது. அதைக் கண்டுகொள்ள உதவிய இரண்டு விண்வெளித் தொலைநோக்கிகளில் ஒன்றின் பெயர் "சந்திரா". நம் சந்திரசேகரின் பெயர்தான்.

இரண்டாவது வழி, நாட்டுப் பணி. இதற்கு நல்ல உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறார். சிரம்பானில் 1951இல் பிறந்தவர் மஸ்லான் ஒத்மான் அம்மையார். நியூசிலாந்து ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1981இல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் பெண் அவரே. நாடு திரும்பியபோது மலேசியாவில் அவருடைய படிப்புக்கு ஏற்ற துறை காத்திருக்கவில்லை. தேசியப் பல்கலைக்கழகத்தில் வானியல் பாடத்தை அவரே உருவாக்க வேண்டியிருந்தது. பிறகு கோலாலம்பூர்க் கோளரங்கம் எழும்ப உழைத்தார். 1999இல் ஐக்கிய நாட்டுச் சபையின் விண்வெளி விவகார அலுவலகத்துக்குத் தலைவரானார். 2002இல் திரும்பிவந்து தேசிய விண்வெளி நிறுவனத்தைத் தொடங்கி நடத்தி, 2007இல் மறுபடியும் ஐ.நா. பதவிக்கே போனார். படித்தது நட்சத்திரம், பார்த்தது நிர்வாகம், பாடத்திட்டம், நாடுகளுக்கிடையே பேச்சுவார்த்தை.

மூன்றாவது வழி, துணைக்கோளம். சிங்கப்பூரில் வானியலுக்கென்று பெரிய தொலைநோக்கிக் கூடம் கிடையாது. தேசியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலோடு சேர்த்து வானியற்பியல் பாடங்களைப் படிக்கலாம். ஆனால் வானத்தோடு சம்பந்தப்பட்ட தொழில் இங்கே வேறு உருவத்தில் வளர்ந்திருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் ஈடுபட்டுச் செய்த, சிங்கப்பூரில் உருவான முதல் துணைக்கோளமான எக்ஸ்-சாட் 2011 ஏப்ரல் 20ஆம் தேதி மேலே போனது. எங்கிருந்து தெரியுமா? சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, இந்திய ராக்கெட்டில்! 2015 டிசம்பர் 16ஆம் தேதி ஒரே ராக்கெட்டில் ஆறு சிங்கப்பூர்த் துணைக்கோளங்கள் போயின. 2023இலும் இரண்டு முறை சிங்கப்பூர்த் துணைக்கோளங்களுக்காக அங்கிருந்து ராக்கெட் கிளம்பியது.

துணைக்கோளம் நமக்கென்ன செய்கிறது என்று கேட்காதீர்கள். 1997இல் இந்தோனேசியக் காட்டுத் தீயால் கண்ணும் நெஞ்சும் எரியப் புகைமூட்டத்தில் கிடந்தோமே, அப்போது எந்தத் தீவில் எந்த மூலையில் எரிகிறது என்று துணைக்கோளப் படங்களை வைத்துக் கண்டுசொன்னவர்களில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் "கிரிஸ்ப்" நிலையத்தாரும் உண்டு. மங்கலான படத்திலிருந்து உண்மையைப் பிரித்தெடுக்கும் வித்தை வானியல் ஆராய்ச்சிக்காரர் தினமும் பழகுவது. வானத்தை நோக்கிய கண்ணைப் பூமிப்பக்கம் திருப்பினால் இந்த வேலை.

நான்காவது வழி, முன்பே சொன்ன சல்லடை. வங்கி, காப்புறுதிக் கம்பெனி, மருத்துவமனை, கப்பல் நிறுவனம் எதுவானாலும் இன்று எண்களின் குவியல்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஷென்டன் வே கட்டடங்களில் இருப்பவர்கள் தேடுவது, குவியலில் எது உண்மை, எது வெறும் இரைச்சல் என்று சொல்லத் தெரிந்த ஆளை. வானியலில் பட்டம் வாங்கியவர்களில் பலர் உலகமெங்கும் இந்த வேலைக்குத்தான் போகிறார்கள். சம்பளமும் பல்கலைக்கழகச் சம்பளத்துக்குக் குறைந்ததாக இருப்பதில்லை.

வானியல் வித்தை எங்கெல்லாம் பாயும் என்பதற்கு இரண்டு செய்திகள் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் ஓ'சல்லிவன் என்ற ரேடியோ வானியல் பொறியாளர் வெடிக்கும் சிறு கருந்துளைகளைத் தேடினார். அகப்படவில்லை. ஆனால் சிதறிய அலைகளைச் சேர்த்துத் தெளிவாக்கும் அந்தக் கணக்கு, பின்னாளில் அவரும் கூட்டாளிகளும் கம்பியில்லா இணைப்பைச் சீராக்கியபோது கைகொடுத்தது. அதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1996இல் கிடைத்தது. உங்கள் கைத்தொலைபேசியில் "வைஃபை" என்று வருகிறதே, அதில் அந்த உழைப்பும் கலந்திருக்கிறது. அவர் வேலை பார்த்த அரசாங்க நிறுவனத்துக்கு அதனால் 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வருமானம் வந்தது. இன்னொன்று, நட்சத்திரக் கூட்டங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க 1986இல் வெளியான ஒரு கணக்குமுறை. திமிங்கலச் சுறாவின் முதுகிலுள்ள வெள்ளைப் புள்ளிகளை விண்மீன்களாகக் கொண்டு, எந்தச் சுறா எது என்று அடையாளம் காண 2005இல் அதையே பயன்படுத்தினார்கள்.

இந்த நான்கோடு, பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் ஆசிரியராகப் போகிறவர்களும், ஜூரோங்கில் 1977இல் திறந்த அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் பணியாற்றுகிறவர்களும் உண்டு. இயற்பியலும் கணக்கும் நன்றாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவரை எந்த ஊரும் பட்டினி போட்டதில்லை.

டாக்டர் பட்டம் இல்லாமலும் வானம் உண்டு

இன்னொரு விஷயத்தையும் பிள்ளைகள் காதில் போட்டு வையுங்கள். விண்வெளி வேலைக்குப் போக வானியல் டாக்டர் பட்டம் ஒன்றே வாசற்படி என்பதில்லை. 2023 செப்டம்பர் 2ஆம் தேதி சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி அம்மையார், செங்கோட்டை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். திருநெல்வேலி அரசினர் பொறியியல் கல்லூரியில் படித்தவர். அதே ஆண்டு ஆகஸ்டு 23ஆம் தேதி நிலவின் தென்பகுதியில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன். பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்துத் தொடங்கி, படிப்படியாக ஏறி, பொறியியலில் டாக்டர் பட்டம் வரை போனவர். ஆகவே இன்று தொழிற்கல்லூரியில் இருக்கும் பிள்ளையும் வானத்தை மறந்துவிட வேண்டியதில்லை.

தகப்பனாருக்குச் சொல்ல வேண்டியவை

இனி, கடிதம் எழுதிய ஐயாவுக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் நேரடியாகச் சில வார்த்தைகள்.

ஒன்று, டாக்டர் பட்டத்துக்குக் கடன் வாங்காதீர்கள். அறிவியலில் நல்ல இடத்தில் சேரும் மாணவருக்குப் பல்கலைக்கழகமோ அரசாங்கமோ மாதப்படி கொடுப்பதுதான் வழக்கம். இந்தியாவில் தேர்வெழுதித் தேறிய இளநிலை ஆராய்ச்சி மாணவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டு கழிந்தபின் 42,000 ரூபாயும் நிர்ணயித்திருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கட்டணத்தை நீக்கி மாதப்படி கொடுக்கும் உதவித்திட்டங்கள் உண்டு. வீட்டுக்கு அள்ளி அனுப்பப் போதாது. ஆனால் அவள் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து அனுப்ப வேண்டியதில்லை. மாதப்படி இல்லாத இடம் என்றால் "வேண்டாம் அம்மா" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இரண்டு, கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை வாசிக்கச் சொல்லுங்கள். உதவிப் பணத்துக்குப் பின்னால் "இத்தனை ஆண்டு இங்கே வேலை செய்ய வேண்டும்" என்ற கட்டு இருக்கலாம். சிங்கப்பூரில் பட்டப்படிப்புக்கு அரசாங்கக் கட்டணச் சலுகை வாங்கும் வெளிநாட்டு மாணவர் மூன்று ஆண்டு இங்குள்ள நிறுவனத்தில் வேலை செய்யக் கடமைப்பட்டவர். தம்பிகளில் எவனாவது இங்கே படிக்க வந்தால் இது நினைவிருக்கட்டும். கட்டு கெட்டதென்று சொல்லவில்லை; தெரிந்து போட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று, சேரப்போகும் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "உங்களிடம் இதுவரை படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்?" நல்ல ஆசிரியர் பெயர் பெயராகச் சொல்லுவார். மழுப்புகிறவரிடம் சேர வேண்டாம்.

நான்கு, எந்த ஆராய்ச்சியானாலும் கணினி நிரல் எழுதுவதையும் புள்ளியியலையும் அவள் கைவசமாக்கிக்கொள்ள வேண்டும். நாற்காலி கிடைத்தாலும் அது உதவும், கிடைக்காவிட்டாலும் அதுவே சோறு போடும்.

ஐந்து, மூன்றாம் ஆண்டின் முடிவில் வீட்டோடு உட்கார்ந்து பேச ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முன்னேறுகிறதா, மனம் ஒட்டுகிறதா என்று அப்போது பார்க்கலாம். ஒட்டவில்லை என்றால் முதுகலைப் பட்டத்தோடு வெளியே வர வழி இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து வைக்கட்டும். பாதியில் வருவதை அவமானம் என்று யாரும் சொல்லக் கூடாது.

ஆறு, வீட்டுக் கடன். அவள் வேலைக்குப் போனால் மாதாமாதம் அடையும், படிக்கப் போனால் ஐந்து ஆண்டு அப்படியே நிற்கும். இதை மூடி மறைக்காமல் மகளிடமே கணக்குத் தாளைக் காட்டுங்கள். ஓராண்டோ இரண்டாண்டோ சிங்கப்பூர்க் கம்பெனியில் வேலை பார்த்துப் பாரத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு ஆராய்ச்சிக்குச் சேருவதும் ஒரு வழியே. இடையில் வேலை பார்த்தவரை ஆராய்ச்சிக் கூடங்கள் ஒதுக்கிவிடுவதில்லை. ஆனால் முடிவு அவளுடையதாக இருக்கட்டும். நாம் கட்டாயப்படுத்தி ஏற்றிய வேலையும் நிலைக்காது, கட்டாயப்படுத்தி இறக்கிய ஆசையும் அடங்காது.

உங்கள் தலைக்கு மேல் இருப்பது

2016இல் உலக நாடுகளின் இரவு வெளிச்சத்தை அளந்து ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். அதில் வெளிச்சத்தால் இரவே தொலைந்துபோன நாடுகளில் முதலிடம் சிங்கப்பூருக்கு. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக முடியாத அளவுக்கு இங்குள்ள எல்லாருடைய வானமும் வெளுத்துக் கிடக்கிறதாம். தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் தோரண விளக்குப் போட்டால் அழகுதான். ஆனால் அதற்கு மேலே பால்வீதி இருக்கிறது என்று இங்குள்ள குழந்தைக்குப் படத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.

இங்குள்ள மக்களுக்கும் வானத்தின்மேல் ஆசை இல்லாமலில்லை. 2019 டிசம்பர் 26ஆம் தேதி பகல் 1.20 மணியளவில் சூரியன் நெருப்பு வளையமாக நின்றபோது, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சிங்கப்பூர் முழுக்க மக்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அதே வளையத்தை அன்று சற்று முன்னால் கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கத்து மக்களும், இலங்கையின் வடக்கு கிழக்கு மக்களும் பார்த்திருந்தார்கள். நம்மவர்கள் பிரிந்து வாழும் ஊர்களையெல்லாம் ஒரே நிழல் ஒரே நாளில் தொட்டுக்கொண்டு போயிற்று.

தோட்டத்தில் இருக்கும் உங்களுக்கு அந்த ஆசைக்குச் செலவே இல்லை. லயத்து விளக்கை அணைத்துவிட்டு வாசலில் பாயைப் போட்டால் போதும். இந்த வருமானத்தில் வேறு எதை வாங்கிக் கொடுக்க முடியாவிட்டாலும், இருட்டான நல்ல வானம் ஒன்றை உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்து ஒரு பிள்ளை "இது என்ன?" என்று கேட்டால் அதட்டாமல் பதில் தேடிக் கொடுங்கள். அது பேராசிரியராகலாம், துணைக்கோளம் செய்யலாம், வங்கியில் எண்களைச் சலிக்கலாம், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம். சோற்றுக்கு வழி உண்டு. வழி நேராக இராது என்பதை மட்டும் பெற்றோரும் பிள்ளையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு நடந்தால் போதும்.